நெடுவலின் கட்டில்

கதவு எவ்வளவு உயரமாக இருந்தாலும் அவர் குனிந்துதான் நுழைவார். மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவு, தேவாலயத்தின் பெருங்கதவு, லொறி போய்வரக்கூடிய ஆஸ்பத்திரி வாசல், எல்லாவற்றுக்கும் ஒரே குனிவு. தலையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்து, தோளை உள்ளே இழுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பிக்குக் கீழே போவதுபோலப் போவார். மரியாதையாக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு முதுமை என்று நினைத்தேன்.

"இளவயசில நெத்தியில வாங்கின அடியள். எனக்கு மறந்துபோச்சு. உடம்புக்கு மறக்கேல்ல," என்றார்.

அவர் பேசியது பாதி ஆங்கிலம், பாதி இந்த நகரத்துப் பிரெஞ்சு. ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் தமிழில்தான் தங்கியிருக்கிறது. தங்கியபடியே எழுதுகிறேன்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்று தட்டு வீடு. நடுத்தட்டில் அவர், மேல்தட்டில் நான். வெளிப்புறத்தில் சுருண்டு ஏறும் இரும்புப் படி. பனிக்காலத்தில் அந்தப் படியில் ஏறுவது ஒரு வேண்டுதல்போல இருக்கும். நான் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் வேலையை விட்டுவிட்டு, ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி பிரிக்க வந்திருந்த காலம். அதற்கு முன் டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறை. அதற்கும் முன் ஒரு கணவன். எதிலும் கால் தரிக்காதவள் நான். வீடு மாறும்போது பெட்டிகளைப் பாதி பிரித்துப் பாதி பிரிக்காமல் வைத்திருப்பேன். அடுத்த முறை கட்டும் வேலை மிச்சம்.

தெருமுனைத் தமிழ்க் கடையில் அவருக்கு, நெட்டையன் என்ற பொருளில், 'நெடுவல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் வாழைப்பழம் வாங்க வருவார். உள்ளே வரும்போது, வாசலில் தொங்கும் தோரணத்துக்குக் குனிவார். தோரணத்தை எடுத்த பிறகும் குனிவார்.

"நெடுவல் வருது, மேல் தட்டில இருக்கிற அப்பளப் பெட்டியை இறக்கச் சொல்லுங்கோ," என்பார் கடைக்காரி. அவரும் இறக்கிக் கொடுப்பார். எங்கள் ஆட்கள் கூப்பிடும் பெயர் அவருக்குத் தெரியும். அதற்கு என்ன பொருள் என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். "எல்லா ஊரிலயும் எனக்கு இதே பேர்தான்," என்றார். கோபமில்லை. கொஞ்சம் களைப்பு.

"என்ன வேலை செய்தனீங்கள்?" என்று முதல் வருடம் கேட்டிருந்தேன்.

"நிண்டனான்."

"நிண்டனீங்களோ?"

"ஓம். சம்பளத்துக்கு நிண்டனான்."

கூடைப்பந்து ஆடுவதற்குக் கூலி கொடுக்கத் தொடங்கிய ஆரம்ப காலத்தில், எல்லைக்கு அப்பால் அமெரிக்க ஆலை நகரங்களில், சென்டராக ஆடியவர் அவர். லாஷீன் கால்வாய்க் கரையில் ஓர் ஆலைத் தொழிலாளியின் வீட்டில் பிறந்து, வாசல்படிகளையெல்லாம் மீறி வளர்ந்து, உயரத்துக்காகவே ரயிலேற்றப்பட்டவர். சென்டர் என்றால் வளையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன் கீழே நிற்பவன். எதிராளி முழங்கையால் விலாவில் இடிப்பான், இடுப்பால் தள்ளுவான். அசையக்கூடாது. பந்து கைக்கு வந்ததும் திரும்பிப் பார்க்காமலே கையைப் பக்கவாட்டில் வளைத்துத் தலைக்கு மேலால் எறிய வேண்டும். வளையம் எங்கே இருக்கிறதென்று முதுகுக்குத் தெரியுமாம்.

நான் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். வெளிச்சம், பாட்டு, ஆயிரம் கமரா. அவர் சொன்னது அதுவல்ல. ஐஸ் ஹொக்கி அரங்கில், பனித்தளத்தின் மேலேயே பலகை அடுக்கி ஆடுவார்களாம். பலகை இடுக்கால் குளிர் ஏறும். காலடியில் ஈரம் கசியும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் புகைப்பார்கள். "புகை மேலதானே போய் நிக்கும். மேல நிண்டது நான்தான்." அப்படியே தலையை அசைத்து அந்தப் புகையை விலக்கினார். எங்கள் படிக்கட்டில் அன்று நல்ல வெயில்.

ஆனால் ஆட்டத்தைவிட அவர் அதிகம் பேசியது படுக்கையைப் பற்றி. ரயிலின் தூங்கும் பெட்டிகள் சாதாரண மனிதனுக்குச் செய்தவை. பேருந்து இருக்கை பிள்ளைகளுக்குச் செய்தது. விடுதிக் கட்டில்களின் கால்மாட்டில் இரும்புக் கம்பி இருக்கும். காலை அதற்கு வெளியே விட்டால் விடியும்போது பாதம் மரத்துக் கிடக்கும். அணியில் எல்லோரும் குறட்டை விடும்போது அவர் முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு, அடுத்த ஊரில் யாராவது ஒரு நீளக் கட்டில் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கிடப்பார். எந்த ஊரிலும் வைத்திருக்கவில்லை. காலையில் பயிற்சியாளர் கேட்பார், படுக்கை எப்படி? இவர் சொல்வார்:

"மடங்கிக்கொண்டனான்."

அதுதான் அவருடைய சொல். டாக்ஸியில் ஏறும்போதும் அதுதான். பல் வைத்தியரின் நாற்காலியிலும் அதுதான். புகைப்படக்காரன் அவருடைய தலையை வெட்டிவிட்டுப் படத்தைப் பத்திரிகையில் போட்டபோது, அடுத்த முறை முழங்காலை மடக்கி நின்றார். கோடைக்காலத்தில் ஆட்டம் இருக்காது. புதிதாகத் திறக்கும் கடைகளின் வாசலில் அவரை நிறுத்துவார்கள். சனங்கள் பக்கத்தில் வந்து நின்று அளந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கக்கூடாதென்று குட்டையானவர்களுக்குக் கொஞ்சம் தாழ்வாராம். நிமிர்ந்து முழு ஆளாக நிற்க உலகம் அவரை அனுமதித்த ஒரே இடம் அந்த வளையத்தின் அடி.

அதையும் எடுத்துக்கொண்டார்கள். வளையத்தின் முன்னால் தரையில் ஒரு கட்டம் கீறியிருக்கும். பந்து தன் அணியிடம் இருக்கும்போது அதற்குள் மூன்று செக்கனுக்கு மேல் நிற்கக்கூடாது. கட்டம் ஒடுக்கமாக இருந்தவரை அவர் அதன் ஓரத்தில் நின்றுகொண்டே கையை நீட்டிப் போட்டுவிடுவார். நெட்டையர்கள் ஆட்டத்தைக் கெடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, கட்டத்தை இரண்டு மடங்கு அகலமாக்கினார்கள். இப்போது அவர் வளையத்திலிருந்து தூரம் நிற்க வேண்டும், ஓட வேண்டும். ஓட அவருக்கு வராது.

"இரண்டு கோடு. தள்ளிக் கீறினாங்கள். அவ்வளவுதான்," என்றார்.

அணிக்கு அவர் இனி வேண்டாம் என்று சொன்னது ஒரு விடுதி வரவேற்பறையில். தாழ்ந்த சோபா. முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் நிற்க, அந்தச் செய்தியைக் கேட்டிருக்கிறார். சொன்னவனுக்குச் சங்கடமாக இருக்கக்கூடாதென்று இன்னும் கொஞ்சம் மடங்கிக்கொண்டாராம்.

மொன்றியலுக்குத் திரும்பி, ஒரு துணிக் களஞ்சியத்தில் ஏணி தேவைப்படாத ஆளாக ஓய்வுபெறும்வரை வேலை பார்த்தார். கல்யாணம் செய்தார். மனைவி கட்டையான பெண். எல்லாப் படத்திலும் நாற்காலிமேல் ஏறி நின்று சிரிக்கிறாள். பிள்ளைகள் இல்லை. அவள் போய் நெடுங்காலம்.

"அவள் இருக்கேக்க மடங்கிப் படுக்கிறது கஷ்டமாத் தெரியேல்ல," என்றார் ஒருநாள். "நடுவில ஒருத்தி இருந்தாள்தானே."

நான் படி கழுவ வைத்திருந்த வாளியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். என் கட்டிலில் எனக்கு வேண்டிய நீளம் இருந்தது, வேண்டாத அகலமும் இருந்தது.

ஒருமுறை அவர் வீட்டுக்குள் கஞ்சி கொண்டுபோனபோது அந்தக் கட்டிலைப் பார்த்தேன். சாதாரணக் கட்டில். கால்மாட்டில் மரத்தடுப்பு. நடுவில் ஒரு பள்ளம், மடங்கிய ஆளின் வடிவத்தில்.

"வீடு உங்களுடையதுதானே. ஒரு நீளக் கட்டில் வாங்கியிருக்கலாம்தானே?" என்றேன்.

"படியில ஏறாது. அந்தச் சுருளில திருப்ப ஏலாது."

"ஜன்னலால ஏத்தலாம். எல்லாரும் அப்பிடித்தானே ஏத்துறவை."

அவர் சிரித்துவிட்டு, என்னிடமிருந்து பிடித்துக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்: "பேந்து." பிறகு பார்க்கலாம் என்று எங்கள் ஆட்கள் நடக்காத காரியத்துக்குச் சொல்வதுபோலவே சரியாகச் சொன்னார்.

பிறகு அந்தப் படியிலேயே விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் இனிப் படியில்லாத இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று வைத்தியசாலையில் சொல்லிவிட்டார்கள். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இடம் வந்தது. நான் அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. சமூக சேவையாளரிடம், என் முன்னால்தான் கேட்டார்:

"அங்கே லிஃப்ட் இருக்கோ?"

"இருக்கு, பெரிய லிஃப்ட்."

"அப்ப நீளக் கட்டில் ஏறும்."

"நிச்சயமாக, மிஸியூ. உங்களுக்கு நீளக் கட்டில் போடச் சொல்லுகிறோம்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வீட்டைக் கொடுத்தார். மனைவி நின்ற நாற்காலியைக் கொடுத்தார், சமையலறையைக் கொடுத்தார். சாமான் கட்டிய கிழமை முழுவதும் அவரிடம் ஒரு குதூகலம் இருந்தது. "வுவாசீன்," என்பார் என்னை, பிரெஞ்சில் அயல்வீட்டுக்காரி. "வுவாசீன், நான் சாகிறதுக்கு முதல் ஒருக்கால் நீட்டி நிமிந்து படுக்கப்போறன்."

நான் பார்க்கப் போனபோது அறையில் இருந்தது எல்லா அறைகளிலும் இருக்கும் கட்டில். அவர் அதில் பக்கவாட்டாகச் சுருண்டு கிடந்தார். கால்மாட்டுத் தடுப்பில் பாதங்கள் முட்டிக்கொண்டிருந்தன.

"கட்டிலை நீட்டுற துண்டுக்கு ஓடர் போட்டிருக்கினமாம். வரும். அதுவரைக்கும் மடங்கிக்கொள்ளுவன்."

அடுத்த கிழமை போனேன், வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பராமரிப்புப் பெண், ஹெயிட்டிக்காரி, நல்லவள், போகும்போதும் வரும்போதும் அவருடைய போர்வையைச் சரிசெய்பவள், தானும் மூன்று தரம் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். அவர் எங்கள் இருவரையும் ஆறுதல்படுத்தினார். "பரவாயில்லை, பரவாயில்லை." அந்தப் பரவாயில்லை என் மண்டையில் ஏறியது. என் வாழ்க்கையில் நானும் எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்!

"நீங்கள் இனி மடங்கக்கூடாது," என்று கத்திவிட்டேன். "போதும்."

தெருமுனைத் தமிழ்க் கடைக்குப் பக்கத்தில், சமையலறை அலுமாரி செய்யும் பட்டறையில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்து ஆள். தனி ஆள். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"நெடுவலுக்கோ? உந்த மனுசன்தான் எனக்கு ஒருக்கால் வாசலுக்கு மேல் விளக்குப் பூட்டித் தந்தது, ஏணி இல்லாமல்," என்றார் அண்ணை. "கட்டிலை வெட்ட விடமாட்டினம். தடுப்பைக் கழட்டிப்போட்டு, அதே உயரத்தில ஒரு பெட்டி செய்து காலடியில வைப்பம். மேல மெத்தை. ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியும் அண்ணை. பெரிய பெட்டி."

"தெரிஞ்சால் தெரியட்டும். ஆணி அடிக்கேல்லத்தானே."

இலைதுளிர் காலத்தில் ஒரு மாலை, மெத்தை தைத்த பெட்டியோடு நாங்கள் இருவரும் லிஃப்டில் ஏறினோம். பராமரிப்புப் பெண் மேலிடத்தில் கேட்டு வைத்திருந்தாள். ஆனால் கட்டில் நின்றபடி நின்றால் பெட்டி கதவை அடைக்கும். ஜன்னல் சுவரோடு திருப்பிப் போட வேண்டும். அங்கேதான் அண்ணை நின்றுவிட்டார்.

"பொறு தங்கச்சி. வடக்கு எந்தப் பக்கம்?"

"இங்கை வந்தும் இதோ?"

"வடக்கில தலை வைச்சால் பிணத்துக்குச் சமன். இந்த மனுசன் கடைசியா நிமிந்து படுக்கப்போகுது. கேட்டுச் சொல்லு."

பராமரிப்புப் பெண்ணிடம் கேட்டேன். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். ஆற்றுக்கு எதிர்ப்புறம் வடக்கு. அவள் ஜன்னலைக் காட்டினாள். அண்ணை கணக்குப் போட்டார். ஜன்னல் வடக்கென்றால் வலப்பக்கச் சுவர் கிழக்கு. கிழக்கே தலை வைப்பது நல்லது. நாங்கள் மூவரும் கட்டிலை இழுத்துத் திருப்பினோம். அவர் நாற்காலியில் மடங்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறதென்று நான் விளக்கியபோது, "தலை எங்கையெண்டாலும் இருக்கட்டும். எனக்குக் காலுக்குத்தான் இடம் வேணும்," என்றார்.

அப்போது பொழுது சாய்ந்தது. வெயில் நேராக ஜன்னலால் உள்ளே வந்து அண்ணையின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே பார்த்தார்.

"தங்கச்சி. பொழுது வடக்கில படுமோ?"

கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து நீட்டினேன். இந்தத் தீவு சரிந்து கிடக்கிறது. தெருக்கள் அதோடு சரிந்து போகின்றன. இந்த ஊர்க்காரர் வடக்கு என்பது மேற்குக்குக் கிட்ட. கிழக்கு என்பது வடக்குக்குக் கிட்ட. நாங்கள் தலைமாட்டை அசல் வடக்கிலேயே கொண்டுபோய் வைத்திருந்தோம்.

அண்ணை பெட்டியின்மேல் இருந்துவிட்டார். "அட கடவுளே! நான் வந்த நாளில இருந்து வீதிப் பலகையைப் பாத்துத்தான் என்ர கட்டிலைக் கிழக்கெண்டு போட்டனான். இவ்வளவு காலமும் வடக்கிலயல்லோ தலை வைச்சுப் படுத்திருக்கிறன்!"

"அண்ணை, நீங்கள் உயிரோடதானே இருக்கிறியள்."

"அதுதான் தங்கச்சி எனக்கு நித்திரை வாறேல்ல. நான் அது தனிமை எண்டெல்லோ நினைச்சன்."

அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் சிரித்தார். நாற்காலியின் கை ஆட ஆடச் சிரித்தார். அண்ணையும் சிரித்தார். தலைமாடு தெற்கே வர மறுபடி கட்டிலைத் திருப்பினோம். பெட்டி கால்மாட்டில் அச்சாகப் போய்ப் பொருந்தியது. மெத்தையும் மெத்தையும் ஒரே மட்டம். அண்ணை கையால் தடவிப் பார்த்தார்.

"வாங்கோ ஐயா," என்றார் தமிழிலேயே. "நீட்டுங்கோ."

அவரைப் பிடித்துப் படுக்க வைத்தோம். தலை தலையணையில். தோள் விரிந்தது. முதுகு விரிந்தது. எத்தனை பெரிய மனிதர் என்று அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். பராமரிப்புப் பெண் பாதங்களின் கீழே கைகொடுத்து மெதுவாக நீட்டினாள். முழங்கால்கள் கொஞ்சம் தாழ்ந்தன. பிறகு நின்றுவிட்டன.

இன்னொரு தரம் முயன்றாள். அவர் பல்லைக் கடித்தார். முழங்கால்கள் கூரை முகடுபோல நின்றன. ரயிலும் பேருந்தும் விடுதியும், நடுவில் ஒருத்தி இருந்த அந்த வருடங்களும், இல்லாத அந்த வருடங்களும், எல்லாமாகச் சேர்ந்து அந்த மூட்டுகளை அப்படியே இறுக்கிவிட்டிருந்தன. குதிக்கால்கள் பழைய தடுப்பு இருந்த இடத்தைக்கூடத் தொடவில்லை. அதற்கு அப்பால் அண்ணையின் பெட்டி, புத்தம் புது மெத்தையோடு, வெறுமையாகக் கிடந்தது.

அண்ணை திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"பிந்திப்போச்சு போல," என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. பிறகு தலையைத் தூக்கி எங்கள் மூவரையும் பார்த்தார். எங்களைத்தான் ஆறுதல்படுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நல்ல பெட்டி. நல்ல வேலை."

அன்று அண்ணை லிஃப்டில் இறங்கும்போது, "பேந்து பாப்பம்," என்றார்.

அதற்குப் பிறகு சந்தை வேலை முடிந்து செவ்வாய்க்கிழமைகளில் நான் போவேன். அறையில் விருந்தினருக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்தது. யாராவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். பெட்டிமேல் இருப்பேன். நாள் முழுதும் நின்ற கால். முதலில் ஓரத்தில் இருந்தேன். பிறகு சுவரில் சாய்ந்தேன். பிறகு எப்போதோ, காலைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டேன். அவர் என் கால்படாதபடி தன் முழங்கால்களை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வார். வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். சில நாள் நான் அப்படியே தூங்கிப்போவேன். விழிக்கும்போது என்மேல் அவருடைய போர்வையின் நுனி கிடக்கும். வேலை மாறலாம் என்று அந்த வருடம் முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன், மாறவில்லை. வீட்டில் பிரிக்காமல் வைத்திருந்த பெட்டிகளையும் பிரித்துவிட்டேன்.

பனி கொட்டிய ஒரு செவ்வாய். பேருந்து பிந்திவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அறை வாசலில் தரை கழுவும் இயந்திரம் நின்றது. உள்ளே பராமரிப்புப் பெண் கட்டிலின் காலடியில் நின்று, அவரிடம் தயவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இயந்திரம் திரும்ப இடமில்லையாம். பெட்டி மிஸியூவுக்குப் பயன்படவும் இல்லையே. கீழே களஞ்சியத்தில் வைத்துவிடட்டுமா?

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பரவாயில்லையைக் கேட்கப் பயந்து, வாசலிலேயே நின்றேன்.

"இல்லை," என்றார்.

அவள் குனிந்தாள், தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து.

"இல்லை. எடுக்க ஏலாது." அவர் முழங்கையை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. "அதில ஆள் இருக்கு."

அவள் வெறும் மெத்தையைப் பார்த்தாள். பிறகு, தோளில் பனியோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். இயந்திரத்தை வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

நான் சப்பாத்தைக் கழற்றினேன்.